அறையில் வைக்க ஒரு தாள்

முதலாளி மிலிவோய் சொல்லிவிட்டுப் போனார்:
"நெவியா, அறைக்கு ஒரு தாள் எழுது.
போர்த்தொலினில் பார்க்க வேண்டியவை. எட்டு போதும்.
பாரம்பரியம் என்ற சொல் இரண்டு இடத்திலாவது வரட்டும்."

பருவம் முடிந்துவிட்டது. இரவுப் பணி.
பன்னிரண்டு சாவிகள் பலகையில் சும்மா தொங்க
எழுதுகிறேன்.

ஒன்று: கலங்கரை விளக்கம்.
நூற்றெட்டுப் படி.
மேலேறினால் கடல் தெரியும்.
ஏறாவிட்டாலும் தெரியும்.

இரண்டு: போரா.
மலையிறங்கி வரும் காற்று, வாடைக்கு அண்ணன்.
அது வரும் நாளில் படகுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வாயாடும்.
கொடியில் மறந்த சட்டை
அடுத்த ஊர்ப் பாதிரியாருக்குப் போய்ச் சேரும்.
கட்டணம் இல்லை.

மூன்று: இந்த ஓட்டல்.
பேரரசர் காலத்தில் கைசர்ஹோஃப்.
இத்தாலிக்காரர் வந்ததும் விட்டோரியா.
செங்கொடி ஏறியதும் யத்ரான்.
இப்போது மாரே பூட்டிக்.
முகப்பைச் சுரண்டினால்
வெங்காயம்போல் பெயருக்கடியில் பெயர் வரும்,
கண் எரிவது உட்பட.
மாடிப்படியில் ஏழாவது மட்டும்
எல்லா ஆட்சியிலும் ஒரே மாதிரி முனகியிருக்கிறது.

நான்காவதற்கு முன் இழுப்பறையைத் திறந்தேன்.
திறந்திருக்கக் கூடாது.

போர் முடிந்த பிறகு, ஒரு பிப்ரவரியில்
கப்பலேறிப் போனவர்கள்
வீட்டைப் பூட்டிச் சாவியை இங்கே கொடுத்தார்கள்.
சாவி வாங்கி வைப்பது ஓட்டலின் வேலைதானே.
"ஈஸ்டருக்கு வந்துவிடுவோம்."
முப்பத்தொரு சாவி.
நூலில் கட்டிய அட்டையில் பெயர், மை பழுப்பேறி.
ஒன்றில் மட்டும் பெயருக்குக் கீழே:
அடுப்பு புகையும், ஜன்னலைத் திறந்துகொள்.

போன செப்டம்பரில் அடிலெய்டிலிருந்து ஒருத்தி வந்தாள்.
பதிவேட்டில் லொரேனா மர்த்தெகானி என்று எழுதினாள்.
கடல் முள்ளெலி குத்தாத கரை எது என்று கேட்டாள்,
இன்னொரு துவாலை கேட்டாள், வேறெதுவும் கேட்கவில்லை.
அந்தப் பெயர் எந்த அட்டையில் இருக்கிறது என்று
எனக்குத் தெரியும்.
மூன்று நாள் சொல்லாமலிருந்தேன்.
நான்காம் நாள் காலை
காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் அதை வைத்தேன்.

மத்திச் சந்துக்குள் இருவரும் நடந்தோம்.
பச்சைக் கதவு. எண் பதினேழு.
சாவித் துளையே இல்லை.
துளையிருந்த இடத்தில் எண்கள் ஒளிரும் பலகை.
வாடகைக்கு எடுப்பவர்களின் கைப்பேசிக்குக்
குறியீடு வருமாம்.

சிரித்தாள். சந்து முடியும் மட்டும் கேட்டிருக்கும்.
பிறகு அம்மா பிறந்த வருடத்தை அழுத்திப் பார்த்தாள்.
சிவப்பு.
அம்மா போன வருடம்.
சிவப்பு.

உள்ளிருந்து கதவு திறந்தது.
ஈரக் கால்சட்டையில் ஒரு ஜெர்மன் பையன்.
"உங்களுக்கும் எண் மறந்துபோச்சா?"
கதவைப் பிடித்துக்கொண்டு விலகி நின்றான்.

அவள் நுழையவில்லை.
அடுப்பு புகைகிறதா என்று மட்டும் கேட்டாள்.
அவன் யோசித்துச் சொன்னான்:
"இல்லையே, இங்கே இண்டக்‌ஷன்தான்."

ஊருக்குக் கிளம்பும்போது
அறைச் சாவியோடு அதையும் சேர்த்து
மேசைமேல் வைத்தாள்,
எல்லோரும் வைப்பதைப் போல.

மிலிவோய் கண்ணாடிப் பெட்டிக்கு அளவெடுத்திருக்கிறார்.
மஞ்சள் விளக்கும் பொருத்தப் போகிறாராம்.
நான் இன்றிரவே முப்பத்தொன்றையும் எடுத்துப் பலகையில் மாட்டினேன்.
ஆணி போதவில்லை.
ஓர் ஆணிக்கு இரண்டு குடும்பம், மூன்று குடும்பம்.
ஒருவரோடொருவர் பேசாதவர்களும் இருந்திருப்பார்கள்.
பொறுத்துக்கொள்ளட்டும்.

நான்கு: வரவேற்பு மேசை.
இரவு முழுதும் ஆள் உண்டு.
உங்கள் சாவி எதுவென்று தெரியாவிட்டால் கேளுங்கள்.

மீதி நான்கை மிலிவோயே எழுதிக்கொள்ளட்டும்.
அவர் கேட்ட சொல்லுக்கு இன்னும் இடம் அமையவில்லை.
கதவிடுக்கில் காற்று நுழைகிறது.
பலகை கிலுகிலுக்கிறது,
எந்தச் சாவி என்று பார்க்க
எழுந்திருக்கிறேன்.